ஒரே சீராக மங்கிய கல்

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வீட்டு அலங்காரத்துக்கென்றே வருகிற ஒரு மாத இதழின் ஆசிரியை என்னைத் தொலைபேசியில் பிடித்து, "உங்க வீட்ல புதுசா வெள்ளைக் கல்லுல மேடை போட்டிருக்கீங்களாமே. சமையலறைக்குக் கல்லு எப்படித் தேர்ந்தெடுக்கறது, போட்டப்பறம் எப்படிப் பாத்துக்கறது, உங்க அனுபவத்தோட கலகலன்னு எழுதித் தாங்களேன்" என்றார். கதை எழுதுகிறவளிடம் கல்லைப் பற்றிக் கேட்கிறாரே என்று நான் கௌரவம் பார்க்கவில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். 'அனுபவத்தோட' என்ற சொல் மட்டும் தொண்டையில் இடறியது. விழுங்கிவிட்டேன்.

கட்டுரை நன்றாகத்தான் கிளம்பியது:

'சமையல் மேடைக்கான கல்லைக் கடை விளக்கில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெளியே எடுத்துவரச் சொல்லி வெயிலில் பாருங்கள். கிரானைட் உழைக்கும், மார்பிள் மயக்கும். மார்பிள்தான் வேண்டுமென்று மனம் ஒற்றைக்காலில் நின்றால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். எலுமிச்சைச் சாறு'

அங்கே நின்றுவிட்டது. [அந்த வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அதை முடித்தால் கட்டுரையாகிவிடும்.]

கட்டுரையில் 'நான்' என்று எழுதினால் அது நானேதான். கதையில் 'நான்' என்று எழுதிவிட்டு, யாராவது கேட்டால், "அது கதாபாத்திரங்க" என்று கழன்றுகொள்ளலாம். இத்தனை வருஷம் கதை எழுதியதில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான வித்தை அது ஒன்றுதான். ஆகவே இது கதை. இதில் நான்கு பேர் வருகிறார்கள்: நான், என் கணவர், அவருடைய அம்மா, கல் மேஸ்திரி. கணவரின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். நான்கு பேரில் மூன்று பேர் நல்லவர்கள். மீதி ஒருவர் யார் என்று தேடிக் களைக்க வேண்டாம், அவர்தான் உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: 'ஒரு காலையில் கண்விழித்துப் பார்த்தபோது அவள் வீட்டுச் சமையல் மேடை பளபளப்பை இழந்திருந்தது.'

மர்மக்கதை மாதிரி நன்றாக இருக்கிறது. பொய். கல் ஒரே காலையில் மங்கவில்லை. கை அகலம் கை அகலமாக, பொறுமையாக மங்கியது. அது போகட்டும், 'அவள்' யார்? முதல் வரியிலேயே நழுவப் பார்த்தேன், கவனித்தீர்களா?

இரண்டாம் தொடக்கம்: 'அந்த மாமியாருக்குச் சொன்ன பேச்சைக் கேட்கும் பழக்கமே கிடையாது.'

இது ஒரு பக்கம் ஓடியும்விட்டது. மாமியாரைப் பொல்லாதவளாக்கினால் போதும், கதை தானாக நடக்கும். வாசகர்களில் பாதிப்பேர் தலையாட்டிக்கொண்டே கூட வருவார்கள். நான் வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தபோது அத்தை அறைக்குள் வந்தார். மேஜையில் ஒரு துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் டீ டம்ளரை வைத்துவிட்டு, சத்தமில்லாமல் போனார். என் மேஜை வெறும் மரம். அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எதை எங்கே வைத்தாலும் அடியில் துணி போடுவது அவருக்குப் பழகிவிட்டது. பழக்கியது யார் என்று திரையைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். பிறகு அந்தப் பக்கத்தை முழுக்க அழித்தேன்.

மூன்றாம் தொடக்கம்: 'கல் மேஸ்திரி ஒரு சவடால் பேர்வழி.'

இது உண்மை. யாரையும் நோகடிக்காத உண்மையும்கூட, அவரே இதை ஒப்புக்கொள்வார். இதிலிருந்து போகலாம்.

3

கல் மேஸ்திரி ஒரு சவடால் பேர்வழி. கல் கிடங்குக்கு எங்களை அழைத்துப்போன அன்று, காரிலிருந்து இறங்குவதற்குள் போனை நீட்டிவிட்டார். தான் போட்ட மேடைகளையெல்லாம் பிள்ளைகள் படத்தைக் காட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார்.

"இந்த சிங்க் வாயைப் பாருங்க மேடம். அறுத்த இடம் தெரியுதா? விரலை ஓட்டிப் பாருங்க, எங்கயாவது தடுக்குதா?"

போன் திரையில் விரலை ஓட்டினேன். தடுக்கவில்லைதான்.

கிடங்கு அவருடைய மச்சானுடையது, மனைவியின் தம்பி. "என் மச்சான் கல்லுல பொய் சொல்லமாட்டான்" என்று உள்ளே போகும்போது ஒருமுறையும் வெளியே வரும்போது ஒருமுறையும் சொன்னார். ஆள் உயரத்துக்குக் கற்பலகைகள் சாய்ந்து நின்றன. மேஸ்திரி ஒரு எலுமிச்சம்பழத்தை அரிந்து, கறுப்பு கிரானைட் துண்டில் ஒரு பிழி, வெள்ளை மார்பிள் துண்டில் ஒரு பிழி பிழிந்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்" என்றார். வந்து துடைத்தபோது கறுப்பில் ஒன்றுமில்லை. வெள்ளையில் சாறு இருந்த இடம் மட்டும் செத்துப்போயிருந்தது.

"இது கறை இல்ல மேடம், கழுவினா போறதுக்கு. புளிப்பு பட்டா இந்தக் கல்லு மேல்தோலையே விட்டுடும். பாக்க ராணி மாதிரி இருக்கும், ஆனா பயந்து பயந்துதான் சமைக்கணும். தினமும் சமைக்கற வீட்டுக்கு கிரானைட்டைப் போடுங்க. நான் சொல்றது நல்லதுக்கு."

"அதெல்லாம் நாங்க பாத்துப்போம்" என்றேன்.

"அவ பாத்துப்பா" என்றார் என் கணவர்.

அத்தை கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். கறுப்புக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்து, "இது நல்லா குளுகுளுன்னு இருக்கு இல்ல?" என்றார்.

"கறுப்பு போட்டா கிச்சன் இருட்டாயிடும் அத்தை" என்றேன்.

அவ்வளவுதான் பேச்சு. தினமும் அந்த மேடைமுன் நிற்கப்போகிறவர் அத்தை ஒருவர்தான். நானும் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவோம். [என் எழுத்து சோறு போடாது; காப்பீட்டு நிறுவனம்தான் போடுகிறது.] எனக்கு ஏன் வெள்ளை வேண்டியிருந்தது என்றால், வீட்டுக்கு வரும் எழுத்துக்கார நண்பர்கள் அந்த மேடையைச் சுற்றி நின்று, கையில் கோப்பையோடு பேசிக்கொண்டிருப்பதாக ஒரு காட்சி மனதில் ஓடியிருந்தது. அந்தக் காட்சியில் அத்தை இல்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

4

'பராமரிப்பு: தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். வினிகர், எலுமிச்சை, ஆசிட் கலந்த கிளீனர் ஆகவே ஆகாது. அவ்வப்போது சீலர் பூசுங்கள். பூசும் நேரம் வந்துவிட்டதா என்று அறிய, கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உருண்டு நின்றால் கவலையில்லை. கல் உறிஞ்சிக் கருத்தால் பூசவேண்டியதுதான். சூடான பாத்திரத்தை நேராக வைக்காதீர்கள்.'*

[* சீலர் எண்ணெயும் காபியும் உள்ளே இறங்காமல் தடுக்கும். எலுமிச்சையிடமிருந்து காப்பாற்றாது. இது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்கள் வீட்டில்… வேண்டாம். இந்த அடிக்குறிப்பு கதையை முந்திக்கொண்டு ஓடுகிறது.]

இதெல்லாம் சரியான அறிவுரைகள். இதழில் வந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் இவற்றை நான் முதலில் சொன்னது அத்தையிடம். ஒரே நாளில் சொல்லவில்லை. நாளுக்கொன்றாக, சிரித்த முகத்தோடு சொன்னேன். ஒவ்வொன்றையும் "அத்தை, சும்மா சொல்றேன்" என்றுதான் தொடங்குவேன். சும்மா சொல்றேன், குக்கரை இங்க வைக்காதீங்க. சும்மா சொல்றேன், தக்காளி அரிஞ்சா உடனே தொடச்சிடுங்க. மாமனார் போன பிறகு எங்களோடு வந்து இருப்பவர். நாற்பது வருஷம் தன் வீட்டில் தன் இஷ்டத்துக்குச் சமைத்தவர். தோளில் ஒரு துணியைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தார்.

எலுமிச்சை பிழிய வேண்டுமென்றால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போவார். காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நின்று பிழிந்து எடுத்துவருவார். என் கணவர் இதை நண்பர்கள் எல்லோரிடமும் சொல்வார்: "எங்கம்மாவுக்கு லெமன் லைசென்ஸ் பால்கனிக்கு மட்டும்தான்." எல்லோரும் சிரிப்பார்கள். அத்தையும் சிரித்தார்.

'அத்தையும் சிரித்தார்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றிவிடுவதற்காகவே எழுதிய வாக்கியம் அது. அவர் சிரித்தது உண்மை. எங்கள் வீட்டில், எங்கள் நண்பர்கள் முன்னால், வேறு என்ன செய்வார்?

5

கல்லில் வட்டம் விழுந்தது. ஒரு எலுமிச்சைப் பாதி அளவுக்குச் சரியான, மங்கலான வட்டம். அரிந்த பாதியை அத்தை கவிழ்த்து வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அதன்மேல் சர்க்கரை டப்பாவை நகர்த்தி வைத்திருந்தார். நான் துடைக்கிறேன் பேர்வழி என்று டப்பாவைத் தூக்க, வட்டம் பல்லிளித்தது.

அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"யாரோ கல்லுல எதையோ வெச்சிருக்காங்க போல."

வீட்டில் மூன்று பேர். மூன்று பேர் இருக்கிற வீட்டில் 'யாரோ' என்று சொல்ல எப்படி நாக்கு புரண்டது என்று கேட்காதீர்கள். பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அவர் திரும்பப் பேசியிருக்கலாம், அழுதிருக்கலாம், "ஆமா, நான்தான் வெச்சேன், என்ன இப்போ?" என்று கேட்டிருக்கலாம். நான் அந்த வழிகளையெல்லாம் அடைத்துவிட்டு, நாகரிகமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டேன். கணவர் காதில் அது விழவேயில்லை. அத்தை எனக்கு இன்னும் கொஞ்சம் பரிமாறினார்.

பிறகு ஒருநாள் மத்தியானம் தலைவலி என்று சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். சாவி என்னிடம் இருந்தது. கதவைத் திறந்து செருப்பைக் கழற்றப் போனவள், சமையலறையைப் பார்த்து அப்படியே நின்றேன். மேடையில் இருந்த டப்பா, அடுப்பு, மிக்ஸி எல்லாவற்றையும் அத்தை கீழே இறக்கி வைத்திருந்தார். கையில் எலுமிச்சைப் பாதி. கல்லின்மேல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆத்திரத்தில் தேய்க்கவில்லை. அப்படி எழுதினால் கதைக்கு நல்ல சூடு கிடைக்கும், ஆனால் அப்படி இல்லை. மிகவும் ஜாக்கிரதையாகத் தேய்த்தார். ஒரு கை அகலம் தேய்ப்பார், பொறுப்பார், ஈரத்துணியால் ஒற்றுவார், காய்ந்த துணியால் துடைப்பார். பிறகு கன்னம் கல்லில் படுகிற மாதிரி குனிந்து, ஜன்னல் வெளிச்சத்தில் பழைய இடமும் புதிய இடமும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்ப்பார். எங்கேயாவது மினுங்கினால் திரும்ப அங்கே போவார். மேடையில் பாதிக்குமேல் முடிந்திருந்தது. எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வட்டத்தைப் போக்க அவருக்கு வழி தெரியவில்லை. ஆகவே கல் முழுவதையும் வட்டத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். எங்கும் மங்கலாகிவிட்டால் வட்டம் எங்கே என்று யார் கண்டுபிடிக்க முடியும்?

அந்த நிமிஷம் எனக்குள் என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபம் இல்லை. இரக்கம் பிறகுதான் வந்தது. முதலில் தோன்றியது: ஆகா, ஒரு கதை கிடைத்துவிட்டது.

வந்த சுவடு தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிப் போய், சாயங்காலம்வரை ஒரு காபிக் கடையில் உட்கார்ந்திருந்தேன்.

6

இந்த மருமகள் கதாபாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. படித்தவள், ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிறவள், இப்படி வாயை மூடிக்கொண்டு இருப்பாளா? இதே மாதிரி ஒருத்தியை யாராவது எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தால், "நம்பும்படியா இல்லையே" என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அவளுக்காகச் சில காரணங்களைத் தயாரித்துப் பார்த்தேன். அத்தையின் மனம் நோகக்கூடாது என்று இருந்துவிட்டாள் [நல்ல காரணம்]. தன் கெடுபிடிதான் இதற்கெல்லாம் காரணம் என்று உறைத்து, வெட்கத்தில் இருந்துவிட்டாள் [இதுவும் நல்ல காரணம், கொஞ்சம் உண்மையும்கூட]. கேட்டுவிட்டால் கதையின் முடிவு கெட்டுவிடும் என்று இருந்துவிட்டாள் [இதை யாரிடமும் சொல்லாதீர்கள்].

வீட்டில் பல்ப் ஃபியூஸ் போனால்கூடக் கவனிக்காத என் கணவர், இதைக் கவனித்துத் தொலைத்தார்.

"என்ன இது, கல்லு பேயறைஞ்ச மாதிரி இருக்கு? போட்டு ஒரு வருஷம் ஆகல!"

மேஸ்திரிக்குப் போன் போனது. அவர் வழக்கமான சவடாலோடுதான் வந்தார். கல்லைத் தடவினார், தட்டினார், குனிந்தார், டார்ச்சைப் படுக்கவைத்து அடித்துப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் சுருங்கியது.

"எலுமிச்சையா இருக்குமோன்னு நெனச்சேன் சார். எலுமிச்சைன்னா வட்டம் இருக்கும், சொட்டு இருக்கும், வழிஞ்ச கோடு இருக்கும். நான் பாக்காததா? இது இந்த மூலையிலருந்து அந்த மூலை வரைக்கும் ஒரே சீரா இருக்கு. மனுஷன் கையால இப்படிப் பண்ணவே முடியாது. கல்லுதான் சார் கோளாறு. பாலிஷ் ஏறாத கல்லுல எதையோ பூசிக் குடுத்திருக்காங்க."

அத்தை தட்டில் டீயோடு நின்றிருந்தார். 'மனுஷன் கையால' என்று மேஸ்திரி சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கணம் என்னவோ வந்து போனது. எழுத்தாளராக எனக்கு அதைப் பெருமிதம் என்று எழுத ஆசை. பயமாகவும் இருந்திருக்கலாம். டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

என் கணவர் மேஸ்திரியை வாய்க்கு வந்தபடி பேசினார். அதோடு விட்டாரா? மங்கிய கல்லைப் படம் எடுத்து, எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில், 'இவரை நம்பி ஏமாறாதீர்கள்' என்று போட்டார். எங்கள் மேடையைப் பார்த்துவிட்டுத்தான் அதே கட்டடத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் அவருக்கு வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மேஸ்திரி திரும்பக் கூப்பிட்டபோது குரலில் சவடால் இல்லை. நான்தான் போனை எடுத்தேன்.

"புதுக்கல்லு வேற இடத்துல எடுத்து, நானே மாத்திக் குடுத்துடறேன் மேடம். சாரை அந்தப் போட்டோவை மட்டும் எடுத்துடச் சொல்லுங்க. என் மச்சானை நாக்கைப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன். அக்கா புருஷன்னுகூடப் பாக்காம ஏமாத்திட்டியேடான்னேன். அவன் சத்தியம் பண்றான். சத்தியம் பண்ணாலும் கல்லு கண்ணு முன்னாடி நிக்குதே. இனிமே அவன் வாசப்படி மிதிக்கமாட்டேன்."

"பாவம்" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

அத்தை அடுப்படியில்தான் இருந்தார். போனில் யார் என்று கேட்டார். சொன்னேன். புதுக்கல் வரப்போவதைச் சொன்னேன், மச்சான் சண்டையையும் சொன்னேன்.  நான் சொன்ன தோரணையை நினைத்தால் இப்போதும் கூனிக் குறுகிப்போகிறது: ஊர்ச் செய்தி சொல்வதுபோல, கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டே சொன்னேன். அவர் வாயிலிருந்து தானாக வரட்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. ஒரு வார்த்தையில் நான் முடித்திருக்கக்கூடியதை அந்த அம்மா தலையில் ஏற்றிவிட்டு, அவர் எப்போது இறக்கிவைப்பார் என்று வேடிக்கை பார்த்தேன்.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: அன்று சாயங்காலமே மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, 'எல்லாம் என்னாலதான் அத்தை' என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். மறுநாள் மேஸ்திரியை அழைத்து விஷயத்தைச் சொல்கிறார்கள். – அழகாக இருக்கிறது. அழகு மட்டும்தான் இருக்கிறது. அவள் கையைப் பிடிக்கவில்லை.

முடிவு ஆ: மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் – இதை எழுதவே கை வரவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று ஒரு பயம்.

முடிவு இ: பழைய கல்லைப் பெயர்க்கும்போது சுவரோர இடுக்கில் காய்ந்த எலுமிச்சை விதைகளை மேஸ்திரி பார்க்கிறார். புரிந்துகொள்கிறார். பெருந்தன்மையாக ஒன்றும் சொல்லாமல் விதைகளைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார். – எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஏன் பிடித்தது என்று யோசித்தால், அதில் நான் ஒன்றுமே செய்யவேண்டியதில்லை. இன்னொருவர் நல்லவராக இருந்து என்னைக் காப்பாற்றிவிடுகிறார். அவருக்கென்ன தலையெழுத்தா? பெயரும் போய், உறவும் போய், கல்லும் கொடுத்து, மேற்கொண்டு பெருந்தன்மையும் காட்ட?

மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நடந்தது வேறு.

8

புதுக்கல் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்தது. மேஸ்திரியும் இரண்டு ஆட்களும் அதைத் தூக்கிவந்து கூடத்துச் சுவரில் சாய்த்தார்கள். மேடை முழுக்கக் காலிசெய்து வைத்திருந்தோம். மேஸ்திரி சிங்க்கைச் சுற்றியிருந்த பசையை அறுக்கக் கத்தியை வைத்தார்.

"நிறுத்துப்பா" என்றார் அத்தை.

எல்லோரும் திரும்பினோம்.

"கல்லு மேல தப்பு இல்ல. உன் மச்சான் மேலயும் இல்ல. நான்தான் எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சேன்."

என் கணவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். "சும்மா இரும்மா. அவர் மேல பரிதாபப்பட்டு நீ பாட்டுக்கு எதையாவது சொல்லாத. மனுஷன் கையால முடியாதுன்னு அவரே சொல்லிட்டார்."

 அத்தை குளிர்பெட்டியைத் திறந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்தார், அரிந்தார். மேடையின் முன்விளிம்பில், கீழ்நோக்கி இறங்கும் பக்கத்தில் அவர் தேய்க்காமல் விட்டிருந்த ஒரு பட்டை இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது. அங்கே தேய்த்தார். பொறுத்தார். ஒற்றினார். துடைத்தார். குனிந்து பார்த்தார்.  தன் தப்பைத் தானே எல்லோர் முன்னிலையிலும் செய்துகாட்டிக்கொண்டிருந்தார், வேலை தெரிந்தவர்களுக்கே உரிய நிதானத்தோடு. கழுத்து மட்டும் சிவந்து போயிருந்தது.

மேஸ்திரி மண்டியிட்டு அந்த இடத்தை வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தார். பழைய மங்கலுக்கும் புதிய மங்கலுக்கும் நடுவே கோடு இல்லை.*

[* இப்படிப் பளபளப்பில்லாமல் மங்கலாக முடித்த கல்லுக்கு 'மேட் ஃபினிஷ்' என்று பெயர், அதையே விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. கட்டுரையில் சேர்க்கலாம். இதில் சேர்க்க எனக்கு யோக்கியதை இல்லை.]

"இவ்வளவு சீராவாம்மா…" என்றார் மேஸ்திரி. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் மச்சானைப் பேசக்கூடாத பேச்செல்லாம் பேசிட்டேனேம்மா. எங்க வீட்டுக்காரி அவனுக்காக அழுதா. அவளையும் அடிக்கப் போயிட்டேன்."

"எனக்குத் தெரியாதுப்பா, இவ்வளவு தூரம் போகும்னு. தெரிஞ்சப்பறமும் வாய் வரல. வயசுக்கு மரியாதையா நடந்துக்கல நான்" என்றார் அத்தை.

என் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாவைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா இது?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். ஒரு மூச்சு நேரம் இருந்தது.

"அவளுக்கு என்னடா தெரியும்?" என்றார் அத்தை. "காலையில போனா சாயங்காலம் வர்றவ. அவளை எதுக்கு இதுல இழுக்கற?"

திறந்த வாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அத்தையின் தோளில் கையை வைத்தேன். "ஐயோ அத்தை, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். குரலில் அதிர்ச்சி வேண்டிய அளவுக்கு இருந்தது, மிகையாகவும் இல்லை. அளவு எனக்குக் கைவந்த கலை.

மேஸ்திரியும் ஆட்களும் புதுக்கல்லைத் தூக்கிக்கொண்டு போனார்கள். என் கணவர் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து அழித்து, நாலு வரி மன்னிப்பும் எழுதினார். அந்த இரண்டு வீட்டுக்காரர்களும் அதற்குள் வேறு ஆளைப் பிடித்திருந்தார்கள். மச்சான் வாசப்படியை மேஸ்திரி மிதித்தாரா என்று கேட்க எங்கள் யாருக்கும் முகம் இல்லை.

அன்று அத்தை பாத்திரம் கழுவ, நான் வாங்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அன்னிக்கு மத்தியானம் நீ கதவைச் சாத்தின சத்தம் எனக்குக் கேட்டுதும்மா."

துடைத்த தட்டையே திரும்பத் துடைத்தேன்.

"சாயங்காலம் வந்து ஏதாவது கேப்பேன்னு இருந்தேன். நீ கேக்கல. பாத்தும் சும்மா இருக்கான்னா சரி, பண்ணிக்கட்டும்னு விட்டுட்டா போலருக்குன்னு நெனச்சேன். அதுக்கப்பறம்தான் தைரியமா மிச்சத்தையும் தேய்ச்சேன்."

குத்திக்காட்டவில்லை. கணக்குத் தீர்க்கவில்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு குழாயைத் திறந்துகொண்டார்.

9

கட்டுரையை நாளைக்குள் அனுப்பவேண்டும். கல்லைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுதிவிட்டேன். பராமரிப்பது எப்படி என்றும் எழுதிவிட்டேன். கதைக்குத்தான் முடிவு இல்லை. என் கணவருக்கு இன்னமும் ஒன்றும் தெரியாது. தினமும் அத்தையிடம், "என்னம்மா, இப்படிப் பண்ணிட்டியே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். நண்பர்களிடமும் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். பால்கனி லைசென்ஸ் கதைக்குப் பதில் இப்போது இந்தக் கதை. அத்தை இதற்கும் சிரிக்கிறார். நானும்.

முடிவை எழுத நான் சரியான ஆள் இல்லை. எந்த முடிவு எழுதினாலும் அதில் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கிவிடுகிறேன். பூசி மெழுகுவது எனக்குத் தொழில். ஆகவே கடைசி இடத்தை உங்களுக்குக் காலிசெய்து தருகிறேன். வாருங்கள், குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், நான் நின்ற இடத்தில் நில்லுங்கள். மேஸ்திரி தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஆட்கள் இரண்டு பேரும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் புதுக்கல்லைப் பார்க்கிறார்கள். அத்தையின் கையில் எலுமிச்சைப் பாதி இருக்கிறது. அறையில் புளிப்பு வாசனை. என் கணவர் உங்கள் பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியுமா இது?" என்று கேட்டுவிட்டார்.

ஒரு மூச்சு நேரம் இருக்கிறது. அத்தை வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.